எதிர்காற்றுக்கு ஒரு சாய்சைக்கிள்: கட்டவும் ஓட்டவும் முழுமையான வழிகாட்டி

வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் தர்மபுரத்திலிருந்து பரந்தன் சந்திக்குச் சைக்கிள் மிதித்தவருக்கு எதிர்காற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஏ-35 வீதியில் மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முரசுமோட்டைப் பக்கம் வயல்வெளி திறந்ததும் சோளகமும் கச்சானும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அதே வீதியில் விசுவமடுப் பக்கம் திரும்பினால் காற்று முதுகில்; பாதி வேலையை அதுவே பார்த்துவிடும். பளையில் காற்றாலை நட்டவர்கள் இந்தக் காற்றைக் கணக்குப் பார்த்துத்தான் நட்டார்கள். சைக்கிள்காரர்கள் நாங்கள்தான் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

வன்னிக்குச் சைக்கிள் பழைய உறவு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நெல் மூட்டை, விறகு, மீன் பெட்டி, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனார்கள், போயின. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது கொட்டிலுக்குள் கிடந்த லுமாலா சைக்கிள்களுக்குத் திரும்பவும் ரயர் மாற்றினோம். அந்தப் பழகிய கையும் ஒரு வெல்டிங் கடையும் இருந்தால், காற்றோடு மல்லுக்கட்டாத ஒரு சைக்கிளை நாங்களே கட்டலாம். சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் சைக்கிள் அது. வெளிநாட்டில் ரிக்கம்பன்ட் என்பார்கள். இங்கே சாய்சைக்கிள் என்றே வைத்துக்கொள்வோம்.

காற்று எவ்வளவு தின்கிறது

கணக்கு இல்லாமல் இரும்பு வெட்டக் கூடாது. சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து இருப்பவர் காற்றுக்குக் காட்டும் தடைப் பரப்பு ஏறக்குறைய 0.6 சதுர மீற்றர். நடுத்தர உயரச் சாய்சைக்கிளில் அது 0.3 அளவுக்கு இறங்கும். நிலத்தோடு ஒட்டி ஓடும் பந்தய வகைகளில் இன்னும் குறையும்.

எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீற்றர், நீங்கள் போக விரும்பும் வேகம் 15 என்று வையுங்கள். உடம்பில் படும் காற்றின் வேகம் 35. நிமிர்ந்து ஓட்டுபவர் காற்றுக்கு மட்டும் சுமார் 135 வாட் கட்டவேண்டும்; சில்லு உருள்வதற்கு இன்னொரு 30 வாட். பந்தயக்காரர் அல்லாத, ஆனால் மிதித்துப் பழகிய ஒருவர் ஒரு மணித்தியாலம் களைக்காமல் தரக்கூடியது 100 வாட் அளவுதான். ஆகவே அவருடைய வேகம் 11க்கு விழுகிறது. சாய்ந்து ஓட்டுபவருக்கு அதே 15 கிலோமீற்றர் வேகம் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். போதாததற்கு, நிலத்துக்குக் கிட்டக் காற்றின் வேகமே குறைவு.

ஏற்றத்தில் இந்தக் கணக்கு கவிழும். சாய்சைக்கிள் நிறை கூடியது, எழும்பி நின்று மிதிக்கவும் முடியாது. கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வேறு கதை.

கடையில் ஏன் இல்லை

1933 ஜூலை 7ஆம் திகதி பாரிஸ் ஓடுதளத்தில் பிரான்சிஸ் ஃபோர் என்ற இரண்டாந்தரப் பந்தயக்காரர், சார்ள் மோஷே கட்டிய சாய்சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். 1914இல் ஒஸ்கார் எக் வைத்த 44.247 கிலோமீற்றர் சாதனை அதோடு போனது. முன்னணி வீரர்கள் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகத் தொடமுடியாததை ஒரு சாதாரணக்காரர் தாண்டியதைச் சைக்கிள் உலகம் ரசிக்கவில்லை. அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் இந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. பந்தயத்தில் இல்லாதது விளம்பரத்தில் இல்லை, விளம்பரத்தில் இல்லாதது கடையில் இல்லை. சங்கதி அவ்வளவுதான்.

வடிவம் சாகவில்லை. 2016இல் அமெரிக்காவின் நெவாடாவில், முழுக்க மூடிய கூட்டுக்குள் சாய்ந்திருந்து கனடாவின் டொட் ரைக்கர்ட் மணிக்கு 144.17 கிலோமீற்றர் வேகம் தொட்டார். மோட்டார் கிடையாது, கால் மட்டும். அந்தக் கூடு எங்கள் வெயிலுக்குச் சரிவராது. உள்ளே இருப்பவர் அவிந்துவிடுவார்.

படி 1: எவ்வளவு தாழ்வு என்று முடிவெடுங்கள்

இந்த விஷயத்தில் படங்களைப் பார்த்து ஏமாறவேண்டாம். இணையத்தில் அழகாகத் தெரிபவை சீற் நிலத்திலிருந்து 20, 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும் பந்தய வண்டிகள். நெதர்லாந்தில் சைக்கிளுக்கென்று தனி வீதி இருக்கிறது. அங்கே அது சரி. ஏ-35இல் உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் அந்த உயரத்தில் போனால், முந்திவரும் பஸ் சாரதிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

என் தீர்ப்பு: சீற் உயரம் 45 முதல் 50 சென்ரிமீற்றர். வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரையின் உயரம் அது. அப்போது உங்கள் கண் காரோட்டியின் கண்மட்டத்துக்குக் கிட்ட வரும், இரண்டு காலும் நிலத்தில் பதியும். காற்றில் கிடைக்கும் இலாபத்தில் பெரும் பகுதி இந்த உயரத்திலேயே கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் இலாபத்தின் மூலம் முதுகுச் சாய்வும் நீட்டிய காலும். இன்னும் 20 சென்ரிமீற்றர் இறங்கிக் கிடைக்கும் சொச்சத்துக்கு உயிரைப் பணயம் வைக்கவேண்டியதில்லை.

படி 2: இரண்டு சில்லா, மூன்று சில்லா

இரண்டு சில்லில் முக்கியமாக இரண்டு சாதி. ஒன்று குட்டை: கிறேங் முன்சில்லுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சில்லுகளுக்கிடையே ஒரு மீற்றர் அளவு. சுறுசுறுப்பான வண்டி, ஆனால் இறுக்கித் திருப்பும்போது குதிக்கால் முன்சில்லில் முட்டும். பழகாதவரை அது விழுத்தும். மற்றது நெட்டை: கிறேங் முன்சில்லுக்குப் பின்னால், சில்லுகளுக்கிடையே 160 சென்ரிமீற்றர் அளவு. சந்தியில் திருப்ப இடம் வேண்டும், ஒழுங்கைக்குள் கொஞ்சம் கரைச்சல். ஆனால் நேரே ஓடும், தடுமாறாது. முதல் வண்டி நெட்டையாகவே இருக்கட்டும். இந்த வழிகாட்டியின் மீதி அளவுகள் அதற்குரியவை.

மூன்று சில்லு வயதானவர்களுக்கும், சுமை ஏற்றுபவர்களுக்கும், சமநிலை பிடிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் நல்லது. முன்னால் இரண்டு சில்லு வைத்தால் வளைவில் உறுதி. ஆனால் இரண்டு முன்சில்லும் வெவ்வேறு கோணத்தில் திரும்பவேண்டும், அந்தத் தண்டு வேலை நுட்பமானது. பின்னால் இரண்டு சில்லு வைத்தால் கட்டுவது சுலபம். வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கச் சில்லு எழும்பும். இந்தியாவில் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியியலாளர் அமைப்பு 2010 முதல் பொறியியல் மாணவர்களுக்கு நடத்தும் எஃபிசைக்கிள் போட்டியில் வருபவை இருவர் மிதிக்கும் மூன்று சில்லு வண்டிகள். அவற்றின் படங்களைப் பார்த்தால் தண்டு வேலையை எத்தனை விதமாகச் செய்யலாம் என்று விளங்கும்.

படி 3: சுவரில் முதுகு, நிலத்தில் கால்

சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிலத்தில் இருங்கள். முதுகும் இடுப்பும் சுவரில் ஒட்டவேண்டும், கால் இரண்டும் நேரே. சுவரிலிருந்து சப்பாத்தின் குதிவரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். 105 சென்ரிமீற்றர் வந்தது என்று வைப்போம். கிறேங் தண்டின் நீளம் வழக்கமாக 17 சென்ரிமீற்றர். அதைக் கழித்தால் 88. சீற்றின் முதுகிலிருந்து கிறேங் அச்சு இருக்கவேண்டிய தூரம் அதுதான். இந்த அளவில், குதியை மிதியில் வைத்தால் கால் முற்றாக நீளும்; பாதத்தின் முன்பக்கத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு மிஞ்சும்.

தூரம் குறைந்தால் முழங்கால் நோகும். கூடினால் இடுப்பு ஆடி, சீற்றில் வழுக்குவீர்கள். வீட்டில் ஒருவருக்கு மேல் ஓட்டுவதென்றால் சீற் முன்னும் பின்னும் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் நகரும்படி துளையிட்டுப் போல்ற் பூட்டுங்கள்.

படி 4: சீமெந்துத் தரையில் வரையுங்கள்

தாளில் சிறிதாக வரைவதைவிட விறாந்தைச் சீமெந்தில் சோக்கால் முழு அளவில் வரைவது நல்லது. முதலில் நிலக்கோடு. அதில் 160 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு சில்லு: பின்னால் 26 அங்குலம், முன்னால் சிறுவர் சைக்கிளின் 20 அங்குலம். பிறகு நிலத்திலிருந்து 48 சென்ரிமீற்றரில் சீற். அதன் முதுகு நிலத்தோடு 45 பாகை. இணையத்துப் பந்தயக்காரர்கள் 25 பாகைவரை சாய்வார்கள். முதல் வண்டியில் அப்படிச் சாய்ந்தால் கழுத்துப் பிடிக்கும், வீதியும் தெரியாது. கிறேங் அச்சு சீற்றின் அடிமட்டத்துக்குச் சமமாக அல்லது ஒரு சாண் கீழே வரட்டும்.

இப்போது அந்தப் படத்துக்கு மேலே ஒரு பலகைத் துண்டை வைத்துப் பக்கவாட்டில் படுத்துப் பாருங்கள். கால் எங்கே வருகிறது, கை எங்கே வருகிறது, முழங்கால் ஹாண்டிலில் முட்டுமா எல்லாம் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அயலவர்கள் சிரிப்பார்கள். இரும்பை வெட்டிய பிறகு சிரிப்பதைவிட இது மலிவு.

முன்போக் பூட்டும் குழாயின் கோணம்தான் வண்டியின் குணத்தை நிர்ணயிக்கும். நிலத்தோடு 65 முதல் 70 பாகை வையுங்கள். சரிபார்க்க ஒரு வழி: அந்தக் குழாயின் நடுக்கோட்டை நிலம்வரை நீட்டுங்கள். முன்சில்லின் அச்சிலிருந்து நேரே கீழே ஒரு கோடு இறக்குங்கள். நீட்டிய கோடு நிலத்தைத் தொடும் புள்ளி, மற்றப் புள்ளிக்கு ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் முன்னால் விழவேண்டும். அந்த இடைவெளிதான் வண்டியைத் தானாக நேராக்குகிறது. அது பூச்சியத்துக்கு வந்தாலோ பின்னால் விழுந்தாலோ, வண்டியை நேரே பிடிப்பது பெரும்பாடு.

படி 5: சாமானும் வெல்டிங்கும்

பழைய சைக்கிள் இரண்டு போதும். ஒரு பெரிய கியர் சைக்கிளின் பின்பாதி அப்படியே வேண்டும்: பின்சில்லு, முக்கோணம், கிறேங் குழாய், பிறேக். சிறுவர் சைக்கிளிலிருந்து முன்போக், முன்சில்லு, ஹெட் குழாய். இரண்டையும் இணைக்கும் முதுகெலும்பாக ஒன்றரை அங்குலப் பொக்ஸ் பார், சுவர்த் தடிப்பு 1.6 முதல் 2 மில்லிமீற்றர். இன்னும் தடித்ததை வாங்கினால் வண்டி உடையாது, ஆனால் தூக்கமுடியாது.

வெல்டிங் கடைக்குப் போகும்போது ஒன்றை மறக்கவேண்டாம். ஜி.ஐ. குழாயில் பூசியிருக்கும் நாகம் எரிந்தால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் தரும். ஒட்டும் இடத்தைச் சுற்றிப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளிக்காற்றில் வேலை செய்யவேண்டும். கூடுமானால் பூச்சில்லாத கறுப்பு இரும்பே வாங்குங்கள்.

எல்லாவற்றையும் முதலில் பொட்டுப்பொட்டாக ஒட்டி நிறுத்துங்கள். பின்சில்லின் நடுவிலிருந்து முன்சில்லின் நடுவுக்கு நூல் பிடியுங்கள். நூல் முதுகெலும்பின் நடுவே போகாவிட்டால் இப்போதே தட்டி எடுக்கலாம்; முழுதாக ஒட்டிய பிறகு முடியாது. ஹெட் குழாய் முதுகெலும்போடு சேரும் மூலையில் முக்கோணத் தகடு ஒன்று கட்டாயம். உடைந்தால் அந்த இடத்தில்தான் உடையும், அப்படி உடைந்தால் முகம்தான் முதலில் நிலத்துக்குப் போகும். ஒட்டின வரியை அழகுக்காகக் கிரைண்டரால் சமன் செய்யாதீர்கள். பலம் அந்தத் தடிப்பில் இருக்கிறது.

கட்டி முடிந்ததும் இரண்டு சில்லுக்கும் கீழே கல் வைத்து, இரண்டு பேர் ஏறி இருந்து குலுக்கிப் பாருங்கள். பிறகு அரிசி ஆலைத் தராசுக்குக் கொண்டுபோங்கள். முன்சில்லைத் தராசிலும் பின்சில்லை அதே உயரக் கல்லிலும் வைத்து, நீங்கள் சீற்றில் சாய்ந்திருக்கும்போது அளவு பாருங்கள். மொத்த நிறையில் மூன்றில் ஒரு பங்காவது முன்சில்லில் இருக்கவேண்டும். குறைந்தால் கிறவல் வீதியில் முன்சில்லு வழுக்கும். சீற்றைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் சரிவரும். தள்ளிய பிறகு கால் அளவை மறுபடி பாருங்கள்.

படி 6: நீண்ட செயின், சின்னக் கியர்

நெட்டை வண்டிக்கு ஏறக்குறைய இரண்டரைச் செயின் நீளம் தேவை. மூன்று செயின் வாங்கிப் பொருத்தி, மிஞ்சியதைப் பையில் வையுங்கள். மிதிக்கும்போது இழுபடும் மேல்பக்கம் எவ்வளவு நேராகப் போகிறதோ அவ்வளவு நல்லது. சீற்றுக்குக் கீழே வளையவேண்டி வந்தால் போல்பெயரிங் பூட்டிய உருளை ஒன்று வையுங்கள்; வெறும் பிளாஸ்ரிக் துண்டு வைத்தால் அது அரைபடும், உங்கள் பலமும் அதோடு அரைபடும். திரும்பிவரும் கீழ்ப்பக்கத்தை ஒரு தண்ணீர்க் குழாய்க்குள் விட்டால் மண்ணும் கிறீஸும் காற்சட்டையில் படாது.

சாரம் கட்டிக்கொண்டு இந்த வண்டியில் ஏறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காலை முன்னே நீட்டி, முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகும் வண்டி. பதிலை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். சுரிதாருக்குத் தடையில்லை, துப்பட்டாவைக் கட்டிவைத்தால் போதும்.

எழும்பி நின்று மிதிக்க முடியாததால் புறப்படுவதற்குச் சின்னக் கியர் வேண்டும். கியர் சைக்கிளின் பின்சில்லை எடுத்திருந்தால் பிரச்சினையில்லை. ஒற்றைக் கியர் என்றால், கிறேங்கை ஒருமுறை சுற்ற வண்டி நாலு மீற்றர் அளவு நகரும்படி பாருங்கள்: முன்னால் 36 பல், பின்னால் 18 பல், 26 அங்குலச் சில்லு. சாதாரண சைக்கிளின் 44 பல்லை அப்படியே பூட்டினால் ஒவ்வொரு சந்தியிலும் தள்ளாடுவீர்கள்.

பிறேக் இரண்டு சில்லிலும் வேண்டும், தனித்தனியாக. நெட்டைச் சாய்சைக்கிளில் முன்பிறேக்கை அழுத்தினால் தலைக்குப்புறப் போகும் பயம் இல்லை. ஆனால் மணலில் முன்சில்லு வழுக்கும், அதனால் பின்பிறேக்கை முதலில் பிடித்துப் பழகுங்கள்.

படி 7: சீற் பின்னுதல்

பலகையும் பஞ்சும் வைத்துச் சீற் செய்யலாம். எங்கள் வெயிலில் பத்து நிமிடத்தில் முதுகு நனையும். அரை அங்குலக் குழாயில் ஒரு சட்டம் வளைத்து, பழைய கதிரைகளுக்குப் பின்னுவதுபோல நைலோன் வயரால் பின்னுவதே மேல். இடுப்பு வளைவு வரும் இடத்தில் வயரை இறுக்கியும், பிருஷ்டம் வரும் இடத்தில் கொஞ்சம் தளர்த்தியும் விடுங்கள். இருக்கையின் முன்னோரம் சற்று மேல்நோக்கி இருந்தால் மிதிக்கும்போது முன்னால் வழுக்கமாட்டீர்கள். கதிரை பின்னும் வயதானவர் ஒருவர் ஊரில் இருந்தால் அவரிடமே கொடுங்கள். இந்த வண்டியில் மற்ற எல்லாவற்றையும்விட சீற்தான் ஓட்டுபவர் தினமும் உணரும் பாகம்.

படி 8: முதல் ஓட்டம்

பள்ளிக்கூட மைதானம், பின்னேரம், காற்று விழுந்த நேரம். குளக்கட்டிலும் வாய்க்கால் கட்டிலும் பழகாதீர்கள். முதல் நாளில் வண்டி உங்கள் சொல் கேட்காது.

முதலில் மிதிக்கவேண்டாம். இலேசான சரிவில் கால்களை இரண்டு பக்கமும் நிலத்துக்கு மேலே பிடித்தபடி மெதுவாக உருண்டு, பிறேக் பிடித்து நில்லுங்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹாண்டிலைச் சிறிது திருப்பினால் நிமிரும். சாதாரண சைக்கிளில் இதை உடம்பை ஆட்டிச் செய்தோம்; இதில் உடம்பு சீற்றோடு கிடக்கிறது, எல்லாம் ஹாண்டிலில்தான்.

அடுத்து மிதித்தல். சின்னக் கியர். பலமான காலின் மிதியை உங்களுக்குக் கிட்டக் கொண்டுவந்து, அதைச் சற்றுத் தாண்டிய இடத்தில் வையுங்கள். மற்றக் கால் நிலத்தில். முதுகைச் சீற்றில் முழுதாகச் சாய்த்து, ஒரே உந்தில் பலமாக மிதியுங்கள். நிலத்தில் இருந்த கால் தானாக மேலே வரட்டும். பயந்து மெல்ல மிதிப்பவர்தான் விழுவார். வேகம்தான் இதற்குச் சமநிலை.

தலையைத் தூக்கிக்கொண்டு, ஹாண்டிலை இழுத்துப் பிடித்து, தோளை இறுக்குவது எல்லாரும் செய்வது. விரலால் தொடுவதுபோல் பிடியுங்கள். பார்வை முன்சில்லில் இருக்கக்கூடாது, மைதானத்தின் அடுத்த எல்லையில் இருக்கட்டும்.

இனி வருவது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான எச்சரிக்கை. வண்டி ஓடும்போது காலை நிலத்தில் ஊன்றாதீர்கள். சாதாரண சைக்கிளில் அது கைகொடுக்கும். இதில் நிலம் காலைப் பின்னோக்கி இழுத்து வண்டிக்குக் கீழே கொண்டுபோகும்; கணுக்கால் முறியும். மிதியில் குதியைத் தாங்கும் பட்டி ஒன்று போட்டால் கால் தவறி விழாது. நிற்பதென்றால் முதலில் பிறேக், வண்டி நின்ற பிறகுதான் கால்.

ஒரு கிழமைக்குத் தொடையில் புதிய இடங்கள் நோகும். நிமிர்ந்து மிதிக்கும்போது வேலை செய்யாத தசைகள் அவை. கால்விரல் விறைத்தால் கிறேங் உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம். சீற்றைச் சிறிது உயர்த்திப் பாருங்கள்.

படி 9: வீதிக்கு வரும்போது

கொடி கட்டுங்கள். சீற்றின் பின்னால் மெல்லிய தடி, நிலத்திலிருந்து ஆறடி உயரம், நுனியில் செம்மஞ்சள் துணி. சாரதியின் கண்ணில் உங்களுக்கு முன்னே அதுதான் படும். வலது பக்கத்தில் கண்ணாடி கட்டாயம்: சாய்ந்திருக்கும்போது திரும்பிப் பார்க்கமுடியாது, முந்துபவர்கள் எல்லாரும் வலப்பக்கத்தால்தான் வருவார்கள். பின்னால் சிவப்பு லைட், முன்னால் வெள்ளை லைட். இருட்டிய பிறகு ஏ-35இல் வீதியிலேயே படுத்துக்கிடக்கும் மாடுகளுக்கு லைட் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். தலைக்கவசம் போடுங்கள்.

பள்ளம் வந்தால் சீற்றிலிருந்து எழும்பமுடியாது. முழு அதிர்வும் முதுகுக்குப் போகும். ஆகவே ரயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்து, அகலமான ரயர் போட்டு, கிறவல் வீதியில் நடையைத் தளர்த்துங்கள். மாரிக்கு மட்கார்ட் நீளமாக வேண்டும், இல்லாவிட்டால் முன்சில்லுத் தண்ணீர் முழுக்க முகத்துக்கு. உச்சி வெயில் நேரே கண்ணில் அடிக்கும். விளிம்புள்ள தொப்பியைக் கவசத்துக்குக் கீழே போடலாம்.

நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த உயரத்தில் நாயும் நீங்களும் முகத்துக்கு முகம். ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு இது என்ன பிராணி என்று விளங்காமல், குரைக்க மறந்து நிற்கும். மனிதர்கள் அப்படி விடமாட்டார்கள். “என்ன தம்பி, நோய் ஏதுமோ?” என்று ஒவ்வொரு படலையடியிலும் ஒரு கேள்வி வரும். நின்று பதில் சொல்லுங்கள், ஏற்றி ஒரு சுற்று விடுங்கள். வெல்டிங் தெரிந்த ஒருவர் அப்படித்தான் கிடைப்பார்.

கையால் மிதிப்பவர்கள்

சாய்சைக்கிளின் கிட்டிய உறவு ஏற்கெனவே எங்கள் ஊர்களில் ஓடுகிறது. போரில் காலை இழந்தவர்கள் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டியைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை செயற்கைக் கால் கொடுத்தன. தூரப் பயணத்துக்குக் கை வண்டிதான் துணை. ஆனால் அந்த வண்டிகளில் பல, நிமிர்ந்து இருக்கும் உயரமான பெட்டிகள். ஒரே கியர், பாரமான இரும்பு. மிதிப்பவரின் காலையே விடாத எதிர்காற்று கையை விட்டுவைக்குமா? காலைவிடக் கைக்குப் பலம் குறைவு. இந்தக் காற்றுக் கணக்கு யாருக்காவது மிகவும் தேவையென்றால் அவர்களுக்குத்தான்.

மேலே சொன்ன வேலைகளில் பாதி அப்படியே அதற்கும் பொருந்தும். சீற்றை 45 சென்ரிமீற்றருக்கு இறக்கி, முதுகுக்குச் சாய்வு கொடுக்கலாம். இறங்கி ஏறுவது அவருக்குச் சுலபமா என்பதை முதலில் பார்க்கவேண்டும், சிலருக்குக் கதிரை உயரத்துக்குக் கீழே போனால் எழும்ப முடியாது. கைமிதியின் அச்சு தோளுக்குச் சற்றுக் கீழே வரட்டும். இரண்டு கைமிதியையும் எதிரெதிராக வைக்காமல் ஒரே பக்கமாகச் சேர்த்துப் பூட்டினால் முதுகையும் சேர்த்துத் தள்ளி இழுக்கலாம்; ஹாண்டில் ஆட்டமும் குறையும். கியர் சைக்கிளின் பின்பல்லு அடுக்கு ஒன்று பூட்டினால் பரந்தன் காற்றில் கை ஓயாது. பிறேக் ஒன்றுக்கு இரண்டு, அதில் ஒன்று நிறுத்திவைக்கும்போது பூட்டக்கூடியது. முழங்காலுக்குக் கீழே கால் இழந்து செயற்கைக் கால் போட்டவர் என்றால், பாதத்தைப் பட்டியால் மிதியோடு கட்டி, மூன்று சில்லுச் சாய்சைக்கிளைக் காலாலேயே மிதிக்கலாம்.

முதல் வண்டியை உங்களுக்காகக் கட்டிப் பழகுங்கள். கை பழகிய பிறகு இரண்டாவதை அப்படி ஒருவருக்குக் கட்டிக் கொடுங்கள். ஆனால் அளவு நாடாவை எடுக்கும் முன் அவரிடம் போய், இப்போதுள்ள வண்டியில் எங்கே நோகிறது, எந்த இடத்தில் இறங்கித் தள்ளவேண்டி வருகிறது, யார் உதவி இல்லாமல் எங்கே போக ஆசை என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்த பிறகுதான் விறாந்தையில் சோக்கைப் பிடிக்கவேண்டும்.